சமையல் மேடையின் உயரம்

ஒசாகா
ஏப்ரல் 6

இல்லை அம்மா, வேலை போகவில்லை. நான்தான் விட்டேன். நேற்று போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ வைத்துவிட்டாய். போனில் நாம் எதைத் தொடங்கினாலும் சண்டையில் முடிகிறது. அதனால் கடிதம். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

முறையாகத் தொடங்குகிறேன். இங்கே செர்ரிப்பூ உதிர்ந்து கால்வாய் முழுக்க மிதக்கிறது. தோகாமாச்சியில் இன்னும் தெருவோரம் பனி குவிந்திருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருந்துப் பட்டை ஒட்டுகிறாயா? நான் நலம். நன்றாகத் தூங்குகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடமாக இன்னொருவரின் கட்டடங்களுக்குப் படிக்கட்டுகளும் கழிப்பறைகளும் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன். உரிமத் தேர்வும் முடிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மனை வாங்கியபோது "நீயே வரைஞ்சு குடுடி" என்றாயே, அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வேலையை விட்டேன். என் முதல் வீடு. இது சரியாக வராவிட்டால் அடுத்ததை யாரும் எனக்குத் தரப்போவதில்லை.

வரையும் முன் பார்க்க வேண்டும். கோயில்களையும் கோட்டைகளையும் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தாயிற்று. இப்போது நேற்றுக் கட்டியவை. என் வயதுக் கட்டடங்கள். புத்தகப் படங்களில் அவை எல்லாம் காலியாக இருக்கின்றன. ஆட்கள் அவற்றில் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன். மாதம் ஒன்று, ரயிலிலும் பேருந்திலும். நடுவில் இங்கே வந்து வரைவேன்.

பனி உருகியதும் அடுத்த வருடம் அஸ்திவாரம் போடலாம் என்று கமிமுரா மேஸ்திரி சொன்னார். அப்படியென்றால் நவம்பருக்குள் வரைபடம் அவர் கையில் இருக்க வேண்டும்.

வீடு வரைகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: யார் யார் இருக்கப் போகிறீர்கள்? பதில் எனக்குத் தெரியும். நீ. பிறகு அப்பா. அவர் போய் ஆறு வருடமாகிறது. அவருடைய பெயர்ப்பலகையும் மணியும் ஊதுவத்திக் கிண்ணமும் உள்ள அந்தக் கறுப்பு மரப்பெட்டி மாடம் பழைய வீட்டின் இருட்டு மூலையில் நிற்பது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. இருந்தாலும் உன் கையால் எழுது. உன் ஒரு நாளையும் எழுது. எங்கே உட்காருகிறாய், எதைப் பார்க்கிறாய்.

குளிர் திரும்பி வரும். கம்பளியை அவசரப்பட்டு மடித்து வைக்காதே.

சிகுசா


தோகாமாச்சி
ஏப்ரல் 25

சிகுசாவுக்கு,

மிச்சப் பனி அழுக்காகக் கிடக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு ஃபுகிக் கீரையின் முளை வந்துவிட்டது. மாவில் தோய்த்துப் பொரித்ததில் கசப்பு சரியாக இருந்தது. முழங்கால் அப்படியே. பட்டை ஒட்டுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு. ரயில் நிலையத்து டப்பாச் சோறு பயணத்துக்குச் சரி, வாழ்க்கைக்கு உதவாது.

குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருந்தாய். ஒவ்வொரு வரிக்கும் குறுக்கே பேசிக்கொண்டேதான் படித்தேன்.

என் ஒரு நாள். பாலர் பள்ளி வேலை மார்ச்சோடு முடிந்ததிலிருந்து காலை நீளமாகிவிட்டது. வானொலி உடற்பயிற்சி. துணி துவைத்தல். ஆற்றங்கரை வரை நடை. மனையைப் போய்ப் பார்க்கிறேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்க்கிறேன். மதியம் குரோகி-சான் வந்தால் எதையாவது வேகவைத்துத் தருவார். உனக்கு அவரைத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பிள்ளைகள் ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுவார்கள். போன குளிர்காலத்தில் நம் கூரைப் பனியை அவர்தான் தள்ளிக் கொடுத்தார்.

நம் வீட்டு நிலைவாசல்களுக்கும் அவருக்கும் ஆகாது. போன வாரமும் நெற்றியைப் பெயர்த்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு என்னைப் புடிக்கல" என்றார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்னையே அதுக்குப் புடிக்காது" என்றேன். ஆகவே புது வீட்டில் நிலைகள் உயரமாக இருக்கட்டும். அது முக்கியம்.

ஆறு தெரியும்படி உட்கார ஓர் இடம். பனியைக் கூரையிலிருந்து யாரும் தள்ளத் தேவையில்லாத கூரை. இவ்வளவுதான் எனக்குத் தோன்றுவது.

வேலையை விட்டது சரிதான் என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. பழகிக்கொள்வேன்.

வெயிலில் தொப்பி போடு.

அம்மா


தெஷிமா தீவு
மே 17

அம்மாவுக்கு,

இங்கே மலைப்படிகளில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வானம். உன் பக்கம் இப்போதுதான் வயலில் தண்ணீர் விட்டிருப்பார்கள். சளி பிடிக்காமல் இருக்கிறாயா? எனக்கு மூக்கின் தோல் உரிந்துவிட்டது. தொப்பி ஒசாகாவில் இருக்கிறது.

இந்தத் தீவின் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டேன். எப்படிச் சொல்வது. தரையில் விழுந்த ஒரு பெரிய நீர்த்துளி, கான்கிரீட்டில். உள்ளே தூண் இல்லை. சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். கூரையில் இரண்டு பெரிய திறப்புகள், கண்ணாடி இல்லாமல். காற்று வருகிறது, பறவைச் சத்தம் வருகிறது. தரையில் எங்கிருந்தோ தண்ணீர் ஊறி, மணிமணியாக உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிறது. வேறு எதுவுமில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஒரு தம்பதி. கணவர் மல்லாந்து படுத்துக் குறட்டையே விட்டார். காவலுக்கு நின்ற பெண் அவரை எழுப்பவில்லை. எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஒரே தடவ போனேன். மழை உள்ள வந்துச்சு. எங்க வீட்டுல அப்படி வந்தா மேஸ்திரிய ஓட ஓட வெரட்டுவோம். அங்க காசு குடுத்துப் பாக்குறாங்க" என்றார். பிறகு எனக்கு ஓர் எலுமிச்சையைச் சும்மா தந்தார்.

ஆனால் எனக்குக் கிடைத்துவிட்டது, அம்மா. படகில் திரும்பும்போதே வரைந்தேன். நம் வீட்டின் நடுவே உயரமான ஒரு வட்ட அறை. அதன் கூரையில் மட்டும் ஒரு திறப்பு, கண்ணாடி போட்டு. அந்த வெளிச்சத்துக்குக் கீழே அப்பாவின் மாடம். மற்ற எல்லா அறைகளும் அதைச் சுற்றி, அதைப் பார்த்து. நீ சமைத்தாலும் படுத்தாலும் தைத்தாலும் தலையைத் திருப்பினால் அவர் இருப்பார். இருட்டு மூலையிலிருந்து நடு வெளிச்சத்துக்கு. இதுவரை எனக்கு இவ்வளவு நல்ல யோசனை வந்ததில்லை.

என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

முழங்காலுக்குக் கடற்காற்று நல்லது என்கிறார்கள். ஒரு நாள் உன்னையும் அழைத்து வருவேன்.

சிகுசா


தோகாமாச்சி
ஜூன் 20

சிகுசாவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காய்வதில்லை. ஹைட்ரேஞ்சியா மட்டும் சந்தோஷமாக இருக்கிறது. நான் நலம். உன் மூக்கு ஆறிவிட்டதா?

பதில் தாமதமாகிவிட்டது. பிளம் ஊறுகாய் போடும் வேலை.

கூரையில் துளை. உனக்கு ஞாபகமிருக்கட்டும், இது தெற்குத் தீவு இல்லை. இங்கே ஆளுயரத்துக்கு மேல் பனி நிற்கும். கண்ணாடி போட்டாலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை அது துளையாக இருக்காது, வெள்ளைத் தட்டாக இருக்கும். கமிமுராவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "பொண்ணு நம்ம ஊர்லதான பொறந்துச்சு?" என்றார்.

சமையலறை பற்றி ஒன்று. மேடையின் உயரம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். இதைக் குறித்துக்கொள்.

மற்றது யோசித்து எழுதுகிறேன்.

அம்மா


கனாசாவா
ஜூலை 9

அம்மாவுக்கு,

வெக்கை ஆரம்பித்துவிட்டது. கோதுமைத் தேநீரைப் போட்டுக் குளிரவைத்துக் குடிக்கிறாயா? தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதே. நான் இரண்டு நாளாக ஐஸ் கட்டியைத்தான் சாப்பாடாகத் தின்கிறேன்.

பனியைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். திறப்பைக் கூரையிலிருந்து எடுத்து, கூரைக்குச் சற்றுக் கீழே, பனி எட்டாத உயரத்தில் சுற்றிலும் ஜன்னலாக்கிவிட்டேன். கமிமுராவிடம் சொல், பொண்ணு அந்த ஊரில்தான் பிறந்தாள் என்று.

இங்கே ஊர் நடுவில் உள்ள வட்டமான கலைக்கூடத்தைப் பார்த்தேன். சுவருக்குப் பதில் கண்ணாடி. எல்லாப் பக்கமும் வாசல். முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. ஊர்க்காரர்கள் குறுக்கு வழியாக அதற்குள் புகுந்து போகிறார்கள். ஒருத்தி முள்ளங்கிப் பையோடு ஓவியங்களைத் தாண்டிப் போனாள். வெளியே ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் வியர்வையைத் துடைத்தபடி காவலாளியிடம், "பின்வாசல் எங்கன்னு கேட்டா எல்லாமே முன்வாசல்தாங்கறீங்க. நான் வண்டிய எங்க விடறது, ஒங்க தலையிலயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே சரி.

இத்துடன் வரைபடம். நான்கு முறை மாற்றியது. நடுவில் அப்பா. எங்கிருந்து எவ்வளவு தெரிவார் என்று கோடு போட்டுச் சரிபார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையிலிருந்து முழுதாகத் தெரிவார்.

நீ எழுதிய மேடை உயரம் தப்பு. எங்கேயோ தவறாக அளந்திருக்கிறாய். ஆளின் உயரத்தில் பாதி, அதோடு ஐந்து சென்டிமீட்டர். எல்லோருக்கும் இதே கணக்குதான். நீ நூற்று நாற்பத்தொன்பது. எண்பது போதும். தொண்ணூற்றைந்து என்றால் முக்காலியில் ஏறி நின்றா கிளறுவாய்? எண்பது என்றே வரைந்துவிட்டேன்.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டு. சில நாள் அதோடு வாழ்ந்து பார். பிறகு சொல்.

இரவில் வயிற்றைத் திறந்து போட்டுத் தூங்காதே. நீ எனக்குச் சொன்னதுதான்.

சிகுசா


தோகாமாச்சி
ஆகஸ்ட் 19

சிகுசாவுக்கு,

ஓபோன் முடிந்தது. இறந்தவர்கள் வந்து இருந்துவிட்டுப் போய்விட்டார்கள். நெருப்பேற்றி அழைத்தேன், நெருப்பேற்றி அனுப்பினேன். நீ வரவில்லை. ஷிகோகுவில் ஏதோ நூலகம் பார்க்கிறாய் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "செத்தவங்க வர்ற நாள்ல புத்தகம் எங்க ஓடிப்போவுதாம்?" என்றார். அவருக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. நீ நலமா?

வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கோடுகள் மிகவும் சுத்தம். நீ சின்ன வயதில் எழுத்துப் பயிற்சியில் கிறுக்குவாய், அதே கையா என்று நினைத்தேன்.

பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தன் தம்பியை வீட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறாள் என்று வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். "முரோய் வீட்டுப் பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்றார். அப்போது குரோகி-சான் தர்பூசணி கொண்டுவந்தார். அவரும் நின்று பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு. இதுல இகுகோ-சான் எங்க உக்காருவாங்க?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.  நான் தேநீர் போடப் போய்விட்டேன். அவர் போனபிறகு, அடுத்தவர் வீட்டு வரைபடத்தில் பேருந்து ஓட்டுகிறவருக்கு என்ன வேலை என்று பெரியப்பா கேட்டார். நான் தர்பூசணித் தட்டைக் கழுவப் போனேன்.

மேடை தொண்ணூற்றைந்துதான். நான் தவறாக அளக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் எழுதுகிறேன்.

அம்மா


நகோயா
செப்டம்பர் 14

அம்மாவுக்கு,

இங்கே சில்வண்டுகள் ஓய்ந்து இரவில் வேறு பூச்சிகள் தொடங்கிவிட்டன. இருமல் ஏதும் இல்லையே? நான் இன்று நிறைய நின்றதில் கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி நலம்.

நகோயாவின் ஓரத்தில் ஒரு புது வீட்டின் திறப்பு நாளுக்குப் போனேன். வீடு முடிந்ததும், குடும்பம் குடிபுகும் முன், வரைந்தவர் ஒரு நாள் அதைத் திறந்து வைப்பார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. தெரிந்தவர்கள், மாணவர்கள், போட்டியாளர்கள் எல்லாம் வருவார்கள். வாசலில் வெள்ளைக் கையுறை தருவார்கள், சுவரில் விரல் படக்கூடாது என்று. நாற்பது பேர் வெள்ளைக் கையோடு அலமாரிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். அறுவை சிகிச்சை நடப்பதுபோல இருந்தது.

வீடு மிக அழகு. ஒரே ஒரு பிசகான இணைப்பைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முயன்றேன்.

வெளியே வேலியோரம் ஒருவன் டின் காபி குடித்துக்கொண்டு நின்றான். என் வயதுதான் இருக்கும். கையுறை இல்லை. நீங்கள் உள்ளே பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"எடம் இல்லீங்க. கூட்டம் கொறைஞ்சதும் போறேன். என் வீடுதான்" என்றான்.

வாழ்த்துச் சொன்னேன். பிடித்திருக்கிறதா என்றேன்.

"நல்லா இருக்கு. என் மனைவி சக்கர நாற்காலில இருக்கற அவ அம்மாவக் கூட்டிட்டு வரணும்னு நெனச்சா. வரைஞ்சவருகிட்ட மூணு தடவ சொல்ல வாயெடுத்தா. ஒவ்வொரு தடவையும் அவரு அந்தப் படிக்கட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. அவ்வளவு ஆசையாப் பேசினாரு. பாவம், எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் அவ வாயே தெறக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கோபமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் படிக்கட்டை நான் உள்ளே ஐந்து நிமிடம் படம் எடுத்திருந்தேன்.

ரயிலில் உன் கடிதங்களை வரிசையாக எடுத்துப் படித்தேன். ஏப்ரலில் யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். நீ நிலைவாசலின் உயரத்தை எழுதினாய். மே மாதம் அப்பாவின் மாடத்தைப் பற்றிக் கேட்டேன். நீ மேடையின் உயரத்தை எழுதினாய். வரைபடம் அனுப்பினேன். கோடுகள் சுத்தம் என்றாய். மூன்று கடிதத்திலும் மாடம் என்ற சொல்லே இல்லை.

தொண்ணூற்றைந்திலிருந்து ஐந்தைக் கழித்து இரட்டித்தேன். நூற்றெண்பது.

அம்மா, அந்த மேடையில் சமைக்கப் போவது யார்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிகுசா


தோகாமாச்சி
செப்டம்பர் 20

சிகுசாவுக்கு,

புது அரிசி வந்துவிட்டது. உனக்கு ஐந்து கிலோ அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் கொஞ்சம் குறைத்து வை. காலைச் சுடுதண்ணீரில் வைத்தாயா?

சமைக்கப் போவது குரோகி-சான்.

இவ்வளவு சின்ன வாக்கியம். ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தில் உன் முதல் வீடு என்று இருந்தது. அடுத்த கடிதத்தில், இதுவரை வந்ததிலேயே நல்ல யோசனை என்று இருந்தது. உன் படிக்கட்டுக்காரரின் கதைதான். ஆசையாகப் பேசுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போது சொல்கிறேன். நாங்கள் இருவரும் அந்த வீட்டில் இருக்கப் போகிறோம். அவர் தனி ஆள். மனைவி பிரிந்து சப்போரோவுக்குப் போய் இருபது வருடமாகிறது. எங்களுக்குள் இது இரண்டு குளிர்காலமாக. திருமணத்தைப் பதிவு செய்வதா என்று இன்னும் பேசவில்லை. எனக்கு வெட்கமில்லை. நாற்பது வருடம் சமைத்தேன், அதில் ஒரு நாள்கூட எனக்குச் சமையல் பிடித்ததில்லை. அவருக்குப் பிடிக்கும். நான் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன்.

உன் வரைபடம் அழகு. அதில் என்னால் வாழ முடியாது. உன் அப்பாவை நான் மறைக்க நினைக்கவில்லை. அவர் நல்ல மனிதர், நீயே அறிவாய். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடச் சொல்லி குரோகி-சானை நான் கேட்க முடியாது. கேட்டால் சரி என்பார். அதனால்தான் கேட்கவில்லை.

உனக்கு எழுதும் முன் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன், யாராவது சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம் என்று. "அறுபத்தோரு வயசுல ஒனக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார். "மதியச் சாப்பாடு" என்றேன்.  பிறகு, தம்பியின் மாடத்தைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போகிறேன் என்றார். அங்கே ஏற்கெனவே உன் தாத்தா, பாட்டி, யாரென்று எனக்கே தெரியாத நான்கு பேர். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் அப்பாவாயிற்றே, உன்னையும் கேட்க வேண்டும்.

நீ வரையப் பிடிக்கவில்லை என்றால் கமிமுராவிடம் மூன்று மாதிரி வீடுகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னிடம் கேட்டது உன் வேலைக்காக இல்லை. உன் வீட்டில் இருக்க எனக்கு ஆசை. இன்னும் அந்த ஆசை இருக்கிறது.

அம்மா


தோகாமாச்சி
அக்டோபர் 26

சிகுசாவுக்கு,

மலை உச்சியில் முதல் வெள்ளை. இலைகள் இந்த வருடம் சுமார்தான். நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். அரிசி வந்து சேர்ந்ததா என்றுகூட நீ எழுதவில்லை.

பேரிப்பழம் அனுப்பியிருக்கிறேன்.

நவம்பர் இருபதாம் தேதி பெரியப்பா மாடத்துக்கு வண்டி கொண்டுவருகிறாராம். கமிமுரா தன் இரண்டாவது மாதிரியைக் காட்டினார். மோசமில்லை. சமையல் மேடை எண்பத்தைந்து. எல்லோருக்கும் எண்பத்தைந்தாம்.

உன் வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

அம்மா


ஒசாகா
நவம்பர் 8

அம்மாவுக்கு,

காலையில் மூச்சு புகையாக வருகிறது. அங்கே கார்களுக்குப் பனிச்சக்கரம் மாற்றியிருப்பார்கள். முழங்காலை மூடி வை. அரிசி வந்தது, தண்ணீர் குறைத்து வைத்தேன். பேரிப்பழத்தைத் தோலோடு தின்றேன். நான் நலம். ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. கோபத்தில் சில நாள். பிறகு வரைந்துகொண்டிருந்தேன்.

கோபம் குரோகி-சான்மேல் இல்லை. உன்மேலும் அவ்வளவு இல்லை. என் வரைபடம் நன்றாக இருந்தது என்பதில்தான்.

நடுவில் ஒரு நாள் கிஃபு அருகே ஒரு தகனக் கட்டடம் பார்க்கப் போனேன். குளத்தங்கரையில், வெள்ளைக் கூரை துணியைப்போல அலைந்து இறங்கி அப்படியே தூணாகிறது. இறந்தவர் நண்பரையும் இழுத்துப் போவார் என்ற நம்பிக்கையால் தகனமே செய்யாத நாள் அது. அதனால்தான் உள்ளே விட்டார்கள். "இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க, தாராளமாப் பாருங்க" என்றார் பெருக்கிக்கொண்டிருந்தவர். உலைகளைப் பார்த்தேன். ஆனால் அந்தக் கட்டடத்திலேயே நல்ல இடம் குளத்தைப் பார்த்த காத்திருப்பு அறை. வெளிச்சமெல்லாம் அங்கேதான். இங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"சாப்பிடுவாங்க. வேற என்ன செய்யறது? இந்த அறைல பசியில்லன்னு சொன்னவங்கள நான் பாத்ததில்ல."

அப்பாவின் தகனத்தன்று நீ உன் டப்பாவில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டாய். பெரியப்பா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவருக்கு வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

புது வரைபடம் இத்துடன். வட்ட அறையை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு நடு என்று ஒன்று கிடையாது. நீளமான ஒரே அறை, ஆற்றின் பக்கம் முழுக்க ஜன்னல், பனி தானாக வழுக்கி வடக்கே விழும்படி ஒரு பக்கச் சரிவுக் கூரை. நிலைகள் இரண்டு மீட்டர் இருபது. மேடையின் உயரம் நீ சொன்னதுதான். சமையலறையில் உனக்கு வேலை எதுவும் வைக்கவில்லை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன். அங்கிருந்து ஆறும் தெரியும், சமைப்பவரும் தெரிவார். முந்தையதைவிட இது நல்ல வீடு. இதை நான் உனக்காகச் சொல்லவில்லை. கமிமுராவுக்கும் ஒரு பிரதி போயிற்று. அவருடைய இரண்டாவது மாதிரியை அவர் வேறு யாருக்காவது கட்டட்டும்.

இதில் அப்பாவுக்கு இடம் இல்லை. மறந்துபோய் இல்லை. அவரை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்ததுதான். "கல்யாணமாகாத பொண்ணு. வாடகை ரூமு. அங்க வந்து என் தம்பி ஒக்காரணுமா? ஒனக்கு நாளைக்கு ஒரு கல்யாணம்னு வந்தா?"

"வர்றவரு அப்பாவுக்கும் வணக்கம் சொல்லிட்டு உள்ள வரட்டும், பெரியப்பா."

"அவன் தோகாமாச்சிக்காரன். அவனுக்கு ஒசாகால என்ன இருக்கு?"

"ஹான்ஷின் இருக்கு."

அப்பா அந்த பேஸ்பால் அணி தோற்ற இரவுகளில் சோறு வேண்டாம் என்று படுத்துவிடுவாரே. பெரியப்பாவுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. பிறகு, "பெரிய மாடம் ஒன் ரூமுல நுழையாது. அத நான் வெச்சுக்கறேன். பலகையும் மணியும் எடுத்துக்க. காலைல ஊதுவத்தி கொளுத்த மறந்த, நானே ரயிலேறி வந்துருவேன்" என்றார். இருபதாம் தேதி நானும் அங்கே இருப்பேன். கோயில் குருவை வரச்சொல், மந்திரம் முறையாகச் சொல்லி எடுக்க வேண்டும்.

அன்று மதியம் குரோகி-சான் சமைத்தால் நான் சாப்பிடுவேன். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவரிடம் சொல்லாதே. அவரே கேட்கட்டும்.

பாதையில் பனி உறைந்திருக்கும். கையை ஜேபியில் விட்டுக்கொண்டு நடக்காதே.

சிகுசா

உறையை ஒட்டும் முன் ஒரு வரி. அலமாரியின் மேல்தட்டில் இருந்த கட்டடக்கலை இதழ்களை எல்லாம் இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தட்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டிருக்கிறேன்.